வைரவருக்கு முன்னால் ஒரு கல்பாதை

எங்கள் ஒழுங்கையில் இன்னும் மண் தெரிகிற வீடு இரண்டுதான். ஒன்று எங்களுடையது, மற்றது எதிர்வீடு. மிச்சமெல்லாம் இடித்து மாடி ஏற்றியாயிற்று. வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கைகள் எல்லாம் இப்போது இப்படித்தான். கீழே கார் விடுகிற இடம், மேலே ஃபிளாட்டுகள், உச்சியில் தண்ணீர்த் தாங்கி. என் கணவரும் அவருடைய சகோதரங்களும் ஒன்றுக்கும் ஒத்துவராததால் எங்கள் வீடு தப்பி நிற்கிறது. கேற்றிலிருந்து வாசல்படிவரை ஒரு துண்டு நிலம். இடப்பக்கம் வேப்பமரம், அதன் அடியில் வைரவர் சூலம்.

வைரவர் இருப்பதால் கேற்றடியிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும். அது என் சட்டம். மாமியார் இருந்த காலத்தில்கூட இவ்வளவு கண்டிப்பு இருக்கவில்லை. கேற்றுக்கு உள்ளே கால் கழுவ ஒரு குழாயும் பக்கத்தில் செருப்புத் தட்டும் வைத்திருக்கிறோம். மீற்றர் பார்க்க வருகிற சிங்களப் பெடியனுக்கும் சிங்களத்தில் முதலில் அதைத்தான் சொல்வேன். அவனும் ஒரு கையால் மதிலைப் பிடித்துக்கொண்டு சப்பாத்தின் நாடாவை அவிழ்ப்பான்.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் ஒழுங்கைப் பெண்கள் எங்கள் வீட்டில்தான் கூடிப் பதிகம் பாடுவார்கள். ஃபிளாட்டில் இருக்கிறவர்களுக்குக் காலை மண்ணில் வைத்து உள்ளே வருவது பிடிக்கும். எனக்கு அது பிடிப்பதற்கு வேறு காரணம். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். அம்மா படுக்கையில் விழ, அடுப்படி என்னிடம் வந்தது, பள்ளிக்கூடம் போனது. கலியாணம் முடித்துக் கொழும்புக்கு வந்தபிறகு, நாலு பேர் கூடி இங்கிலிஷ் கலந்து கதைக்கத் தொடங்கினால் நான் தேத்தண்ணி போட எழும்பிவிடுவேன். வெள்ளிக்கிழமை மட்டும் எழும்பத் தேவையில்லை. விளக்கு என்னுடையது, பாய் என்னுடையது. பாட்டைத் தொடங்கிக் கொடுக்கிறவர் ஒழுங்கை முகப்பு ஃபிளாட்டில் இருக்கிற ஓய்வுபெற்ற ஆசிரியை. எல்லாருக்கும் அவர் ரீச்சர். அவருக்குப் பக்கத்து இடம் என்னுடையது. தொடங்குமுன் அவர் திரும்பி, "பிள்ளை, தொடங்குவமோ?" என்று என்னைத்தான் கேட்பார். ஐம்பது கடந்த என்னைப் பிள்ளை என்று கூப்பிட வேறு யார் இருக்கிறார்கள்? வகுப்பில் முன் வாங்கில் இருக்கிற பிள்ளைகளைப் பின்னாலிருந்து பார்த்தவள் நான். அந்த இடம்தான் எனக்கு முன் வாங்கு.

எதிர்வீட்டை வாங்கிக்கொண்டு ஹெவ்லொக் டவுனிலிருந்து வந்தவள் என்னைவிட நன்றாக இளையவள். வங்கியில் வேலை. மரியாதையானவள், என்னை அக்கா என்பாள், பாடினால் குரல் குயில்தான். இவ்வளவையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு சொல்ல எனக்கு மனம் வராது.

ஆவணி மாதத்தில் அவள் தன் முற்றத்தில் கல்பாதை போட்டாள். சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னக் கருங்கல் சில்லுகள், ஓரத்தில் கறுப்புக் கல் வரிசை, நடுவில் காலடிக்கு ஒன்றாகச் சதுரப் பலகைக் கற்கள். இரண்டு பக்கமும் புல். மாலையில் தண்ணீர் தெளித்தால் அது இன்னும் கறுத்து மினுங்கும். அவள் தண்ணீர் தெளிக்கிற நேரம் எனக்குப் பாடமாகிவிட்டது. அந்த நேரத்துக்குத்தான் நான் ஒழுங்கை கூட்டப் போவேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை நல்ல மழை. எங்கள் முற்றம் சேறாகி, நான் பலகைத் துண்டுகள் போட்டிருந்தேன். வந்தவர்கள் எல்லாரும் எங்கள் கேற்றைத் திறக்குமுன் எதிர்ப்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார்கள். பிறகு சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் பலகைகளில் தத்தித் தத்தி வந்தார்கள். ரீச்சர் ஈரத்தலையைத் துடைத்தபடி, மழை நாளைக்கு எதிர்வீட்டுப் பாதை என்ன வசதி என்றார். மூன்றாம் மாடியில் இருக்கிற அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். எதையும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போகிற வாய் அவளுக்கு.

"அப்ப இந்த முறை நவராத்திரிக் கும்பத்தை அங்க வைச்சால் என்ன? ஒன்பது நாளும் மழைதானே. இஞ்ச வாறதெண்டால் வள்ளம் பிடிக்கோணும்."

எல்லாரும் சிரித்தார்கள். எதிர்வீட்டுக்காரி, "ஐயோ வேண்டாம் அக்கா, இஞ்சதானே வழமை" என்றாள். அந்த 'வேண்டாம்' எனக்குத் தெரியும். கலியாண வீட்டில் இரண்டாம் முறை சோறு போட வரும்போது இலைக்கு மேல் கையை வைத்துச் சொல்கிற வேண்டாம். கை விரல்களுக்கு நடுவில் இடம் இருக்கும்.

கும்பம் போனால் வெள்ளிக்கிழமையும் பின்னால் போகும். ஒன்பது நாள் பழகிய வாசலை விட்டு யார் திரும்பி வரப்போகிறார்கள்? அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. புறக்கோட்டையில் ஒரு ஹாட்வெயார் கடையில் களஞ்சியம் பார்க்கிற என் கணவரிடம் காலைத் தேத்தண்ணியோடு விசயத்தை வைத்தேன்.

"இஞ்சருங்கோ, எங்களுக்கும் ஒரு கல்லுப் பாதை போடவேணும்."

"ஏன், மண்ணுக்கு என்ன வந்தது?"

"மழைக்குச் சேறு."

"போன வருசமும் மழை பெய்தது, சேறும் இருந்தது. இந்தச் சேறு உமக்கு எதிர்வீட்டில இருந்தெல்லே வருது."

ஆனாலும் கல்லுக்குச் சொல்லிவிடச் சம்மதித்தார். எந்த அளவு வேண்டும் என்று கேட்டதற்கு, அவளுடையதைவிடப் பெரியது என்றேன். அது ஒரு அளவா என்று கேட்டுவிட்டு அவரே ஏதோ எழுதிக்கொண்டு போனார். நடுவில் பலகைக் கல் வைப்போமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். அதையும் வைத்தால் அவளைப் பார்த்துத்தான் செய்தார்கள் என்று மூன்றாம் மாடி சொல்லும். தவிர, அந்தப் பலகைக் கல்லெல்லாம் வீண் சோடனை என்பது அப்போது என் எண்ணம்.

லொறிக்காரன் ஒழுங்கைக்குள் திருப்ப முடியாமல் கல்லையும் கல்தூளையும் நேரே எதிர்வீட்டுக் கேற்றுக்கு முன்னால் கொட்டிவிட்டுப் போய்விட்டான். காலையில் அவளுக்குக் காரை வெளியே எடுக்க வழியில்லை. சண்டைக்கு வருவாள் என்று நான் கதவுக்குப் பின்னால் நின்று சொற்களைத் தயார் செய்துகொண்டிருந்தேன். அவள் குவியலைப் பார்த்தாள், சிரித்தாள், ஒரு முச்சக்கர வண்டியைப் பிடித்து வேலைக்குப் போனாள். போகுமுன் அவர்கள் வீட்டு வீல்பரோவைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் கேற்றில் நிறுத்தினாள்.

"அக்கா, அடியில விரிக்கிற கறுப்புத் துணியும் மிச்சம் கிடக்கு. தரட்டோ? புல்லு வராது."

"எங்கட மண்ணில புல்லு வராது" என்றேன். எங்கள் மண்ணில் புல்லைத் தவிர நான் நட்ட எதுவும் வந்ததில்லை. வீல்பரோவை மட்டும் வைத்துக்கொண்டேன். அது இல்லாமல் முடியாது. ஒவ்வொரு முறை தள்ளும்போதும் அதன் பிடியில் அவள் கை இருந்த இடத்தில் என் கை இருப்பது எனக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

நானும் அவருமாகத்தான் வேலையைச் செய்தோம். ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணை வெட்டினோம். வெட்ட வெட்ட எனக்குப் பயம். தண்ணீர்க் குழாய் உடைந்துவிடுமோ, மதில் சரிந்து ஒழுங்கையில் போகிற யார் தலையிலாவது விழுமோ. வேப்பமரத்தின் வேர் ஒன்று குறுக்கே வந்தது. அதை வெட்டுமுன் வைரவருக்குக் கற்பூரம் காட்டி மன்னிப்புக் கேட்டேன். உடைந்த செங்கல்லைப் பரப்பி, மேலே கல்தூளைக் கொட்டித் தண்ணீர் தெளித்து, பழைய கதவுநிலைத் துண்டு ஒன்றால் இடித்து இறுக்கினோம். ஓரத்துக்குச் செங்கல்லைக் குத்தாக நட்டோம். கடைசியில் கல். நீலம் ஓடிய கறுப்பு, அப்போதுதான் உடைத்த கல், மூலைகள் கண்ணாடிபோலப் பளபளத்தன. அவளுடைய கல் இதற்கு முன்னால் வெறும் சிந்தல் என்று பட்டது. வேலை முடியும்வரை செருப்போடு நடக்க வைரவரிடம் தவணை கேட்டிருந்தேன். ஆகவே இருவரும் இறப்பர்ச் செருப்போடுதான் நின்றோம்.

முடிந்ததும் வாரி ஒரே மட்டமாக்கி, வெள்ளிக்கிழமைவரை யாரும் அதில் கால் வைக்கக்கூடாது என்றேன். கல் கலைந்துவிடும், பள்ளம் விழும், பிறகு வருகிறவர்கள் பள்ளத்தைத்தான் பார்ப்பார்கள். என் கணவர் மதிலோரமாகப் பூனைபோல ஒதுங்கி வேலைக்குப் போய் வந்தார்.

வெள்ளிக்கிழமை முதலில் வந்தவர் ரீச்சர். குழாயடியில் செருப்பைக் கழற்றி, காலைக் கழுவி, குடையை ஊன்றிக்கொண்டு அந்தப் பாதையில் நேரே நடந்து வந்தார். நான் வாசல்படியில் நின்றேன். அவர் என்னிடம் வந்து, "நல்லா வந்திருக்குப் பிள்ளை. கோயில் வீதி மாதிரி" என்றார். அந்த ஒரு வசனத்துக்காக நான் இன்னொரு லொறிக் கல்லும் சுமந்திருப்பேன்.

பின்னால் வந்தவர்கள் வேறுமாதிரி வந்தார்கள். மூன்றாம் மாடி அக்கா ஒரு காலை வைத்தாள், எடுத்தாள், மற்றக் காலை வைத்தாள். கைகளை விரித்துக்கொண்டு, கடற்கரைப் பாறையில் நடக்கிறவள்போல, முகத்தைச் சுருக்கிக்கொண்டு. மற்றவர்களும் அவளுக்குப் பின்னால் அப்படியே. ஈரக் கால்களில் கல்தூள் சாம்பலாக ஒட்டியிருந்தது.

"என்ன, நேர்த்திக்கடனோ இது? அடுத்த வெள்ளிக்குத் தீமிதிப்போ?" என்று மூன்றாம் மாடி சிரித்தாள்.

நானும் சிரித்தேன். எதிர்வீட்டுக்காரி கடைசியாக வந்தாள். ஒரு பார்வை பார்த்தாள். ஓரச் செங்கல்லின் மேல் கால் மாற்றிக் கால் வைத்து வந்து சேர்ந்தாள். அவளும் சிரித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

கேற்றைச் சாத்தப் போகிற சாட்டில் நான் பாதையில் இறங்கினேன். வலி உள்ளங்காலில் இருந்து தலைவரை ஏறியது. அந்த வாரம் முழுவதும் அந்தக் கல்லைக் கையாலும் கண்ணாலும் பார்த்திருக்கிறேன், காலால் பார்க்கவில்லை. எதிர்வீட்டில் எல்லாரும் வாசல்படிவரை செருப்போடு போகிறார்கள். போதாததற்கு நடுவில் பலகைக் கல்லும் இருக்கிறது. செருப்பைக் கழற்றச் சொல்லி வருகிறவர்களையெல்லாம் மறித்து நிற்கிற நான், கழற்றிய காலுக்குக் கூரான கல்லைப் போட்டு வைத்திருக்கிறேன். ரீச்சருக்கு மட்டும் எப்படி ஒன்றும் செய்யவில்லை என்று அப்போதும் நான் யோசிக்கவில்லை. அவருக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான் என் மனதில் நின்றது.

இரண்டாவது பதிகம் பாடிக்கொண்டிருக்கும்போது வெள்ளை டைல்ஸில் ஒரு சிவப்புப் பொட்டைக் கண்டேன். குங்குமம் என்று நினைத்தேன். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. வாசலிலிருந்து ரீச்சர் இருக்கிற பாய்வரை ஒரு வரிசை. அவர் கண்ணை மூடித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு நெடுங்காலச் சீனி வருத்தம். பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று அவரே என்னிடம் எப்போதோ சொல்லியிருக்கிறார்.

எதற்கும் பயப்படுகிறவள் நான். யார் எங்கே எப்படி விழுவார்கள், எது எப்போது தீப்பிடிக்கும் என்று வாழ்நாள் முழுக்க மனதுக்குள் ஒத்திகை பார்த்தவள். உண்மையாக ஒன்று வந்தபோது கை எழும்பவில்லை. எழும்பியது எதிர்வீட்டுக்காரியின் கை. பாட்டை நிறுத்தாமலே நகர்ந்து வந்து, ரீச்சரின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, சேலைத் தலைப்பால் குதிக்காலை அழுத்திப் பிடித்தாள்.

ரீச்சர் கண்ணைத் திறந்தார். "என்ன பிள்ளை செய்யிறாய்?"

பிள்ளை. குதிக்காலில் ஒரு கல்சில்லு ஏறியிருந்தது, இரத்தம் வழிந்தது, அது அந்தக் காலின் விசயம். எனக்கு அந்தச் சொல் எங்கே போய் ஏறியது என்று எனக்குத்தான் தெரியும்.

அவளுடைய காரில்தான் டொக்டரிடம் போனோம். முன்னால் ரீச்சர், ஓட்டுகிறவள் அவள், பின் சீற்றில் நான், ரீச்சரின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. சில்லை எடுத்துக் கழுவிக் கட்டிவிட்டு, இனிமேல் முற்றத்தில்கூடச் செருப்பில்லாமல் நடக்கக்கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொன்னார். டொக்டர் கேட்டதற்கெல்லாம் அவள் இங்கிலிஷில் பதில் சொன்னாள். ரீச்சர் குடிக்கிற மருந்துகளின் பெயர்கூட அவளுக்குத் தெரிந்திருந்தது. எப்போது கேட்டு வைத்தாள்?

அதன்பிறகு என் பயம் பெரிதாகத் தொடங்கியது. சீனி வருத்தக்காரருக்கு முதலில் ஒரு விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால் என்று போன கதைகள் எனக்கு நிறையத் தெரியும். ஒவ்வொரு காலையும் ரீச்சருக்குப் போன் எடுப்பேன். ஒருநாள் அவர் அலுத்துப்போய், "இப்பதான் எண்ணிப் பார்த்தனான் பிள்ளை. இரண்டும் இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை எதிர்வீட்டுக்குப் போனது. தற்காலிகமாகத்தான் என்று எல்லாரும் சொன்னார்கள். அவள் புது விளக்கு ஒன்று வாங்கினாள். நான் ஒரு வெள்ளி போனேன். செருப்போடு அவள் பாதையில் நடந்தேன். பலகைக் கல் ஒவ்வொன்றும் என் காலை அளந்து வைத்ததுபோல ஒவ்வொரு அடிக்கும் வந்து நின்றது. உள்ளே ரீச்சருக்குப் பக்கத்தில் அவள் இருந்தாள். நான் சுவரோரம் இருந்தேன். தொடங்குமுன் ரீச்சர் யாரையும் கேட்கவில்லை. அடுத்த வெள்ளி எனக்குத் தலையிடி என்று சொல்லி அனுப்பினேன். தலையிடி உண்மையாகவே வந்தது.

நவராத்திரி நெருங்கியது. கும்பத்தைப் பற்றி யாரும் என்னிடம் கதைக்கவில்லை. கதைக்காததிலிருந்தே எனக்கு விளங்கியது. கல்லை அள்ளிக் கொட்டிவிடுவோமா என்று கணவர் கேட்டார். மாட்டேன் என்றேன். பலகைக் கல்? அதுவும் மாட்டேன்.

"அப்ப செருப்புத்தான்" என்றார்.

நான் சூலத்தைப் பார்த்தேன். அவரும் பார்த்தார்.

"வைரவர் சுடலையில திரியிறவர். உம்மட செருப்புத் தட்டு அவருக்குப் பெரிய விசயமில்லை. உமக்குத்தான் அது விசயம்."

பதில் சொல்ல எனக்கு முழுதாக ஒரு பகல் பிடித்தது. மிச்சச் செங்கல்லால் சூலத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டுக் கட்டச் சொன்னேன். கட்டுக்கு உள்ளே கோயில், வெளியே முற்றம். தேங்காய் உடைத்தேன். சரிபாதியாக உடைந்தது. அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு செருப்புத் தட்டைக் கழற்றி வாசல்படிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன்.

பிறகு ரீச்சர் வீட்டுக்குப் போனேன். லிஃப்ட் நடுவில் நின்றுவிடும் என்ற பயத்தில் எப்போதும்போலப் படியால் ஏறினேன். மூச்சு வாங்கியபடியே, "ரீச்சர், கும்பத்தை எங்கட வீட்டில வைப்பம். நீங்கள் செருப்போட வாங்கோ" என்றேன்.

அவர் தன் காலைப் பார்த்தார். "எனக்கு மட்டுமெண்டால் வரமாட்டன் பிள்ளை. நொண்டிக்குக் குடுக்கிற சலுகை மாதிரி இருக்கும். எல்லாருக்கும் எண்டால் வாறன்."

"எல்லாருக்கும்தான்" என்றேன்.

படி இறங்கி வரும்போதுதான் அந்த எல்லாரிலும் யார் யார் இருக்கிறார்கள் என்பது எனக்கு உறைத்தது.

முதல்நாள் பின்னேரம் மழை தூறியது. கும்பத்துக்கு முன்னால் இருந்து பூக் கட்டிக்கொண்டிருந்தேன். கல்லில் செருப்பு நெரிபடுகிற சத்தம் உள்ளே நன்றாகக் கேட்கும், அது இந்தப் பாதையில் நான் நினைத்துப் பார்க்காத வசதி. மூன்றாம் மாடி அக்கா வருவது தெரிந்தது, வாயும் செருப்பும் ஒரே வேகம். பிறகு ஒரு மெதுவான நடை. நின்று நின்று வருகிற நடை. அதுதான் ரீச்சர் என்று எழும்பப் போனேன். அந்த நடைக்குப் பக்கத்தில், அதே தாளத்தில், இன்னொரு நடை கேட்டது. ஒன்று நிற்கும்போது மற்றதும் நின்றது. ரீச்சரின் கையைப் பிடித்துக் கூட்டி வருகிறவள் யார் என்று பார்க்க நான் எழும்பத் தேவையில்லை.

ரீச்சர் தன் இடத்தில் அமர்ந்தார். ஒரு பக்கம் நான். மற்றப் பக்கம் அவள். ரீச்சர் நேரே கும்பத்தைப் பார்த்தபடி, யார் பக்கமும் திரும்பாமல், "பிள்ளை, தொடங்குவமோ?" என்றார்.

"ஓம் ரீச்சர்" என்றேன். "ஓம் ரீச்சர்" என்று மற்றப் பக்கத்திலும் கேட்டது. அவளுடைய ஓம் சுருதியில் இருந்தது.

கும்பம் என் வீட்டில்தான். வந்தவர்கள் என் பாதையில்தான் வந்தார்கள், சேலையைத் தூக்காமல், சேறில்லாமல். ஒருத்தி பாதை நன்றாக இருக்கிறது என்றும் சொன்னாள். அவல் கடலை எடுக்க எழும்பியபோது வாசலைப் பார்த்தேன். புதுத் தட்டில் எல்லாருடைய செருப்பும் வரிசையாக இருந்தது. முதல் இடத்தில் ரீச்சரின் தடித்த அடி வைத்த மருத்துவச் செருப்பு. அதை ஒட்டி, ஒன்றோடொன்று தோள் உரசுகிறமாதிரி, எதிர்வீட்டுக்காரியின் மெல்லிய வார்ச் செருப்பு.

என் இறப்பர்ச் செருப்பு குசினிக் கதவடியில் கிடந்தது. வீட்டுக்காரியின் செருப்புக்கு வாசலில் வேலை இல்லை. போய் எடுத்துக்கொண்டு வந்தேன். அவளுடையதைக் காலால் கொஞ்சம் தள்ளினேன். நடுவில் என்னுடையதை வைத்தேன். பிறகு கையைக் கழுவிக்கொண்டு கடலை பரிமாறப் போனேன்.